முறுக்கு ஒளிக்குக் காற்று போடும் முட்டுக்கட்டை: கேபிள் இல்லாத இணையத்துக்கு என்ன சிக்கல்?

செஞ்சிக்கும் பனமலைக்கும் இடையே சித்திரை வெயிலில் போகிறவர்களுக்கு இது பழகிய காட்சிதான். சூடேறிய பாறைக்கு மேலே காற்று நெளியும். அதன் வழியே தெரியும் பனைமரமும் சேர்ந்து நெளியும். மரம் ஆடவில்லை. அதிலிருந்து வரும் ஒளிதான் வழியில் வளைந்து வளைந்து வருகிறது. ஃபைபர் பதிக்கச் சிரமமான மலை, ஆறுகளைத் தாண்டி லேசரில் தகவல் அனுப்ப நினைப்பவர்களுக்கு இந்த நெளிவுதான் பெரிய தலைவலி.

முறுக்கு ஒளி என்றால் என்ன?

சாதாரண லேசரின் அலைமுகம் தட்டையாகப் போகும். முறுக்கு ஒளியில் அது திருகாணியின் புரி போலச் சுற்றிக்கொண்டே முன்னேறும். திரையில் விழுந்தால் உளுந்து வடை மாதிரி, நடுவில் இருட்டாகத் தெரியும். இதன் இயற்பியலை 1992-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் லெஸ் ஆலன் குழுவினர் விளக்கினர்.

லாபம் என்ன? ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று என ஒவ்வொரு முறுக்கும் தனித் தடம். ஒரே நிற ஒளியில் பல தடங்களில் தகவல் அனுப்பலாம்.

காற்று என்ன செய்கிறது?

ஒரு டிகிரி சூடு கூடினால் காற்றின் ஒளிவிலகல் எண் சுமார் 10 லட்சத்தில் ஒரு பங்கு குறையும். அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால், ஒரே ஒரு மீட்டர் தூரத்துக்கு அந்தச் சூடு இருந்தாலே, அதன் வழியே போகும் பச்சை ஒளி பக்கத்து ஒளியைவிட ஏறக்குறைய இரண்டு அலைநீளம் முந்திவிடும். புரி குலைந்துபோகும். இரண்டு சுற்று ஒளியின் ஒரு பகுதி, ஒன்றாகவும் மூன்றாகவும் மாறிப் பக்கத்துத் தடங்களில் கசியும். பழைய லேண்ட்லைனில் வேறு யாரோ பேசுவது கேட்குமே, அதே கதைதான்.

தீர்வு உண்டா?

2014-ல் வியன்னா நகரத்துக்கு மேலே 3 கி.மீ. தூரம் முறுக்கு ஒளியில் மொசார்ட் உள்ளிட்டோரின் படங்களை அனுப்பினர். திரையில் விழுந்த வடிவங்களைக் கணினியின் நரம்பு வலையமைப்பு அடையாளம் கண்டது, பிழை 1.7 சதவீதம்தான். அடுத்து, கேனரி தீவுகளுக்கு இடையே 143 கி.மீ. வரை சோதித்தனர். நொடிக்குப் பல நூறு முறை வடிவம் மாறும் கண்ணாடியால் புரியைச் சரிசெய்வது, அடுத்தடுத்த முறுக்குகளைத் தவிர்த்து இடைவெளி விட்டுப் பயன்படுத்துவது ஆகியவை வேறு வழிகள்.

இந்தியாவில், அகமதாபாத்தில் உள்ள இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் 2021 மார்ச்சில் 300 மீட்டர் தூரத்துக்குக் குவாண்டம் தகவல் தொடர்பைச் செய்துகாட்டியது. சூரிய ஒளி குறுக்கிடக் கூடாது என்பதால் சோதனை நடந்தது இரவில். இத்தகைய சோதனைகள் பெரும்பாலும் ஒளியின் முனைவாக்கத்தையே நம்புகின்றன. காற்று அதை அவ்வளவாகக் கெடுக்காது. ஆனால் அதில் கிடைப்பது இரண்டே தடங்கள்.

பனமலை ஏரி போன்ற நீர்ப்பரப்புக்கு மேலே பகலில் பொதுவாகக் கொந்தளிப்பு குறைவு. சூரிய உதயத்துக்குச் சற்றுப் பின்னும், மறைவுக்குச் சற்று முன்னும் தரையும் காற்றும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருப்பதால் ஒளி ஒழுங்காகப் போகும். ஆனால், மதியம் 2 மணிக்கும் இணையம் வேண்டுமே! பாறை கொதிக்கும் அந்த நேரத்தில் தாக்குப்பிடித்தால்தான் முறுக்கு ஒளி ஆய்வகத்தைத் தாண்டி ஊருக்குள் வரும்.