கேரவன் வருமுன் நிறுத்த இடம் வரட்டும்

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்த வேனை வாடகைக்கு எடுத்து ஐஸ்லாந்தைச் சுற்றுவது உலகெங்கும் பலருக்கு ஆசை. தீவைச் சுற்றி வரும் முதலாம் எண் சாலை ஏறக்குறைய 1,320 கி.மீ. நீளம், 1974இல்தான் அது முழு வட்டமானது. நினைத்த இடத்தில் நிறுத்தி உறங்கலாம் என்பதே இந்தப் பயணத்தின் கவர்ச்சி என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். அங்கே சட்டம் அதற்கு இடம் தரவில்லை. சாலையோரமெல்லாம் வேன்கள் நின்று, வெட்டவெளியே கழிப்பறையானதும் ஊரார் பொறுமை இழந்தனர். 2015 முதல், முகாம் இடங்களுக்கு வெளியே வேனில் இரவு தங்க நில உரிமையாளரின் அனுமதி தேவை. காற்றுக்கும் தனி ஏற்பாடு உண்டு. காற்றின் வேகம் இரு மடங்கானால் வண்டி மேல் விழும் அழுத்தம் நான்கு மடங்காகும். உயரமான வேன் எளிதில் தடுமாறும். அதனால் சாலையோரப் பலகைகளே காற்றின் வேகத்தைச் சொல்லிவிடுகின்றன. பயணிகள் துணிந்து புறப்படுவதற்குக் காரணம் வண்டியைவிட இந்த ஏற்பாடுகள்தான்.

இது நமக்கும் பாடம். கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தபோதே, வண்டிகளோடு கேரவன் பூங்காக்களையும் சேர்த்துத் திட்டமிட்டது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையும் கேரவன் பயணத்தைக் கணக்கில் கொண்டது. திருவள்ளூர் மாவட்டத்தில் இதற்கு முதலில் நினைவுக்கு வரும் இடம் பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி, பூநாரைகள், டச்சுக்காரர்களின் கல்லறைகள் என்று பார்க்க நிறைய உண்டு. ஆனால் பூநாரை வரும் பருவத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும் புயலும் வருகின்றன. 2016 டிசம்பரில் வர்தா புயல் இந்தக் கரையை உலுக்கியது. வேனின் கழிவுத் தொட்டியை ஏரிக்கரையில் திறந்துவிட்டால் இறாலையும் நண்டையும் நம்பி, முறைவைத்து மீன்பிடிக்கும் மீனவர்களின் பிழைப்பில்தான் அது போய்ச் சேரும். ஆகவே கழிவு இறக்கும் வசதியும் புயல் எச்சரிக்கையும் இல்லாமல் கேரவனை இங்கே அழைப்பது தவறு.

பணக்காரர் பொழுதுபோக்குக்கு அரசுப் பணம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டைக்கும் எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்கும் வந்துபோகும் லாரி டிரைவர்களுக்கு வண்டிதான் வீடு. லோடு இறக்க முறை வரும்வரை கேபினிலேயே உறங்குகிறார்கள், பக்கத்திலேயே சமைக்கிறார்கள். கேரவன்காரருக்கு வேண்டிய காவலுள்ள நிறுத்துமிடம், குளியலறை, கழிப்பறை, குடிநீர் எல்லாமே இவர்களுக்கு அதைவிட அதிகமாக வேண்டும். கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி இருவருக்கும் பொதுவாக ஓரிடம் அமைத்தால், லாரிகள் தினமும் பயன்படுத்தும்; கேரவன் வராத மாதங்களிலும் முதலீடு வீணாகாது. பகலில் பொன்னேரி வழியாக ஏரியைப் பார்த்துவிட்டு, இரவில் சுற்றுலாப் பயணி இங்கே திரும்பிவிடலாம்.

குளிர்நாட்டு விதி நம் வெயிலுக்குப் பொருந்துமா என்ற ஐயமும் எழும். வேனுக்குள் இங்கே வெப்பமூட்டிக்குப் பதில் ஏசி தேவைப்படும், அதற்கு மின் இணைப்பு வேண்டும். அதுவும் நிறுத்துமிடத்தின் தேவையைக் கூட்டவே செய்கிறது. லாரி நெரிசலில் பயணிகள் தங்குவார்களா என்றால், ஒரே வளாகத்தில் தனித்தனிப் பகுதிகள் ஒதுக்குவது கடினமில்லை. அரசு கேரவன்களுக்கு மானியம் தருவதைப் பற்றி யோசிக்கும் முன், கும்மிடிப்பூண்டியில் இத்தகைய ஓர் இடத்தை அமைக்க வேண்டும். அது லாரிக்காரர்களுக்குப் பயன்பட்டால் போதும். சுற்றுலா பின்னால் வரும்.