மின்மோட்டார் ஏன் காத்திருந்தது?

மாவு மில்லில் மோட்டாரிலிருந்து அரவை இயந்திரத்துக்கு பெல்ட் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். மோட்டாருக்குப் பதிலாக ஒரு பெரிய நீராவி எஞ்சின், ஓர் இயந்திரத்துக்குப் பதிலாகப் பல இயந்திரங்கள் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்கத் தொழிற்சாலை ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

அங்கே கூரையை ஒட்டி நீண்ட இரும்புத் தண்டு ஒன்று சுழலும். அதிலுள்ள கப்பிகளிலிருந்து பெல்ட்டுகள் இறங்கி, கீழேயுள்ள இயந்திரங்களை ஓட்டும். தண்டையும் பெல்ட்டுகளையும் சுழற்றவே 10 குதிரைத் திறன் தேவை என்று கொள்வோம். 1 குதிரைத் திறன் கொண்ட 20 இயந்திரங்களும் ஓடினால் மொத்தம் 30. அதில் மூன்றில் ஒரு பங்கு உராய்வில் வீணாகிறது. இரண்டு இயந்திரங்கள் மட்டும் ஓடினால் மொத்தம் 12. அதில் ஆறில் ஐந்து பங்கு வீண்! தண்டு நீள நீள உராய்வும் கூடும். ஆகவே பல மாடிகள் கட்டி, இயந்திரங்களை நெருக்கமாக நிறுத்தினார்கள்.

1882இல் நியூயார்க்கில் எடிசனின் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1888இல் டெஸ்லா தூண்டல் மோட்டாருக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் 1899இல் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் இயக்குதிறனில் 5 சதவீதத்துக்கும் குறைவாகவே மின்மோட்டார்கள் அளித்தன. 1919 வாக்கில்தான் அது பாதியைத் தாண்டியது. ஏன் இந்தத் தாமதம்?

முதல் தடை பணம். நன்றாக ஓடும் எஞ்சினையும் உறுதியான கட்டடத்தையும் யார்தான் கைவிடுவார்?

இரண்டாவது தடை சற்று மறைவானது. பலர் நீராவி எஞ்சினை எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தார்கள். தண்டும் பெல்ட்டும் மாடிகளும் அப்படியே இருந்தன. எனவே உராய்வும் குறையவில்லை. மின்சாரத்தால் அதிக லாபமில்லை என்று அவர்கள் போட்ட கணக்கு, அந்த அமைப்பைப் பொறுத்தவரை சரியானதே!

ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனி மோட்டார் பொருத்தினால்தான் முழுப் பயன் கிடைக்கும். வேலையில்லாத இயந்திரத்தை நிறுத்திவிடலாம். தண்டு தேவையில்லை, ஒரே தளத்தில், வேலை நடக்கும் வரிசையிலேயே இயந்திரங்களை வைக்கலாம். ஆனால் அதற்குக் கட்டடம் மாற வேண்டும். பொறியாளரும் தொழிலாளரும் புதிய முறைகளைக் கற்க வேண்டும். இது மூன்றாவது தடை. இவ்வாறு மாறிய ஆலைகள் பெருகிய 1920களில் அமெரிக்காவின் உற்பத்தித் திறன் விரைந்து உயர்ந்தது.

கணினிகள் பெருகியும் உற்பத்தித் திறன் ஏன் உயரவில்லை என்ற கேள்வி எழுந்தபோது, பொருளியலறிஞர் பால் டேவிட் 1990இல் இந்த வரலாற்றையே எடுத்துக்காட்டினார்.

அடுத்த முறை ஒரு தொழிற்சாலைக்குச் சென்றால், “இந்த இயந்திரம் ஏன் இந்த இடத்தில் நிற்கிறது?” என்று கேட்டுப் பாருங்கள். “எப்போதும் இங்கேதான் இருக்கிறது” என்று பதில் வந்தால், அங்கே மாற்றிப் பார்க்க ஏதோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.