சுது கங்கையும் சூயெஸ் கால்வாயும்

மாத்தளைப் புகையிரத நிலையத்தோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. 1880-ஆம் ஆண்டு கண்டியிலிருந்து வந்து சேர்ந்த அந்தப் பாதை அதற்கப்பால் போகவில்லை. ஆனால், அங்கே ஏற்றப்பட்ட தேயிலைப் பெட்டியின் பயணம் அங்கேதான் தொடங்கிற்று. கொழும்புத் துறைமுகம், ஏடன், செங்கடல், சூயெஸ் எனக் கடந்து லண்டனில் அது இறங்கும். ஆதலால் அராபியரும் இஸ்ரேலியரும் பொருதுகின்றனர் என்ற செய்தியைப் பத்திரிகையிலே காணும்போது, “எங்கோ பாலைவனத்தில் நடப்பது, சுது கங்கைக் கரையில் இருக்கும் நமக்கென்ன?” என்று தள்ளிவிட எல்கடுவையிலும் இரத்தோட்டையிலும் வாழ்வோருக்கு இயலாது.

சூயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869-இல். இலங்கையின் கோப்பிச் செடியில் இலைநோய் கண்டதும் அதே ஆண்டில்தான். கோப்பி அழிந்த மலைகளிலே தேயிலையும் கொக்கோவும் எழுந்தன. கொக்கோவுக்கு மாத்தளையே தலைநிலமாயிற்று. கால்வாயைத் தம் பிடிக்குள் வைத்திருக்க 1882-இல் எகிப்தினுட் புகுந்த பிரித்தானியர், தம்மை எதிர்த்த அரபி பாஷாவை இலங்கைக்கு நாடு கடத்தினர். 1883-இல் வந்தவர் 1901 வரை இங்கிருந்தார். பிற்காலத்தில் கண்டியில் வசித்தார். கண்டியில் பிறந்த மு. கா. சித்திலெப்பை தமது ‘முஸ்லிம் நேசன்’ இதழ் வாயிலாக எகிப்துச் செய்திகளைத் தமிழர்க்கு அறிமுகஞ் செய்தார். 1885-இல் அவர் வெளியிட்ட ‘அசன்பே சரித்திரம்’ எகிப்திய இளைஞன் ஒருவனின் கதை. ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கமே கெய்ரோ நகரத்துத் தெருக்களில் நிகழ்ந்ததென்பது இலக்கிய மாணவர் மறக்கத் தகாத செய்தி.

பாலஸ்தீனப் பிணக்கின் வேரும் அதே பேரரசின் தோட்டத்தில் ஊன்றியதே. 1917-இல் பல்பர் பிரகடனம் யூதருக்கு ஒரு தேசிய இல்லம் என்றது. அம்மண்ணில் ஏற்கெனவே குடியிருந்த அராபியரின் அரசியல் உரிமை பற்றி அது வாய் திறக்கவில்லை. ஐரோப்பாவில் அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்ட பின் எஞ்சியோருக்குப் புகலிடம் வேண்டியிருந்தது. அதை மறுக்க எவருக்கும் மனம் வராது. 1947 நவம்பர் 29-இல் ஐக்கிய நாடுகள் சபை பாலஸ்தீனத்தை இரண்டாகப் பிரிக்கத் தீர்மானித்தது. இந்தியா எதிர்த்து வாக்களித்தது. 1955 வரை சபையில் இடம் பெறாத இலங்கைக்கு அன்று வாக்கில்லை.

1948 என்ற ஆண்டை இங்கே சற்று நின்று நோக்க வேண்டும். பெப்ரவரியில் இலங்கை சுதந்திரம் பெற்றது. மே மாதத்தில் இஸ்ரேல் பிறந்தது. அங்கே மூண்ட யுத்தத்தில் ஏறக்குறைய ஏழு இலட்சம் பாலஸ்தீன அராபியர் வீடிழந்து அகதிகளாயினர். அதே ஆண்டில் இங்கே நிறைவேறிய பிரஜாவுரிமைச் சட்டம், இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரில் ஏறக்குறைய அதே தொகையினரை நாடற்றவராக்கியது. இரண்டும் ஒன்றல்ல. அவர்கள் துப்பாக்கிக்கு அஞ்சி ஓடினர். நம்மவர் லயத்தை விட்டு அசையாமலே, ஒரு தாளின் பலத்தால் அந்நியராயினர். பின்னர் யூதர் பலரும் அரபு நாடுகளிலிருந்து வெளியேற நேர்ந்தது. ஆயினும் ‘நாடற்றவர்’ என்ற சொல்லுக்கு அகராதியில் பொருள் தேட வேண்டிய தேவை மாத்தளைத் தோட்டத்தானுக்கு இருந்ததில்லை.

1954 ஏப்ரலில் கொழும்பிலே கூடிய ஐந்து பிரதமர்களும் பாலஸ்தீன அகதிகளின் துயர் குறித்துக் கவலை வெளியிட்டனர். நல்லதே. ஆனால் மூன்று மாதங்களுக்கு முன்னர்தான், தோட்டத் தமிழர் யாருடைய மக்கள் என்பது பற்றி நேருவும் கொத்தலாவலையும் ஓர் உடன்படிக்கை செய்திருந்தனர்; அதுவும் அவ்வழக்கைத் தீர்க்கவில்லை. அயலூர் அகதிக்கு இரங்குவது எப்பொழுதும் எளிது! மறு ஆண்டு பாண்டுங் மாநாட்டுக்கு இஸ்ரேல் அழைக்கப்படவில்லை.

1956-இல் நாசர் கால்வாயைத் தேசியமயமாக்கினார். அதற்கென லண்டனில் கூடிய இருபத்திரண்டு நாடுகளுள் பதினெட்டு மேற்கத்தியத் திட்டத்தை ஏற்றன. ஏற்காத நான்கினுள் இலங்கையும் ஒன்று. ஒக்டோபரில் இஸ்ரேலும், தொடர்ந்து பிரித்தானியாவும் பிரான்ஸும் எகிப்தைத் தாக்கின. கால்வாய் சில மாதங்கள் அடைபட்டது. 1967 ஜூன் 5-இல் மீண்டும் மூண்ட யுத்தமோ ஆறு நாள்களில் முடிந்தாலும், கால்வாயை எட்டாண்டுகள் மூடிவிட்டது. அது திறந்தது 1975 ஜூன் 5-இல். கொழும்பிலிருந்து லண்டன் சூயெஸ் வழியே ஏறக்குறைய 6,700 கடல் மைல். நன்னம்பிக்கை முனையைச் சுற்றினால் பத்தாயிரத்துக்கும் மேல். கப்பற் கூலியும் காலமும் ஏறின. கொழுந்து பறித்தவள் இந்தக் கணக்கை அறியாள். அவள் கூலியைத் தீர்மானித்தோர் நன்கறிவர்.

1973 ஒக்டோபர் யுத்தத்தை அடுத்து அரபு நாடுகள் எண்ணெயை ஆயுதமாக்கின. பீப்பாய் மூன்று டொலராக இருந்தது, சில மாதங்களில் பன்னிரண்டை நெருங்கியது. வரட்சியும் உலக அரிசிப் பஞ்சமும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் ஏற்கெனவே நாட்டை வாட்டிக்கொண்டிருந்தன. அரிசியும் மாவும் சுருங்கின. 1974-இல் தோட்டங்களிலே பட்டினியால் மரணங்கள் பெருகின. அதற்கு எண்ணெய் ஒன்றே காரணமென்பது பிழை. காரணமே அன்று என்பதும் பிழை.

கொழும்பின் இராஜதந்திரம் இதனிடையே பலமுறை திசை மாறியது. 1970-இல் ஸ்ரீமாவோ அரசு இஸ்ரேலுடனான உறவை இடைநிறுத்தியது. 1984-இல் ஜே. ஆர். ஜெயவர்த்தன ஆட்சியில், அமெரிக்கத் தூதரகத்தினுள் இஸ்ரேலிய நலன் பேணும் பிரிவொன்று திறக்கப்பட்டது, முஸ்லிம்கள் கண்டித்தனர். 1988-இல் அதே அரசு பாலஸ்தீன நாட்டை அங்கீகரித்தது. 1990-இல் பிரேமதாச அப்பிரிவை மூடினார். 2000-இல் உறவு மீண்டது. கொள்கை எது, தேவை எது எனப் பிரித்தறிய வாசகர் முயன்று பார்க்கலாம்.

எண்ணெய்ப் பணம் பெருகிய அரபு நாடுகளுக்கு எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து இலங்கைப் பெண்கள் வீட்டு வேலைக்குச் சென்றனர். முதியோரைப் பராமரிக்க இஸ்ரேலுக்கும் பலர் சென்றனர். 2023 ஒக்டோபர் 7-இல் ஹமாஸ் இயக்கத்தினர் நடத்திய தாக்குதலில் மாண்டோருள் இலங்கையர் இருவரும் அடங்குவர். அதன்பின் காஸாவில் பல்லாயிரவர் மடிந்துகொண்டிருந்த வேளையிலேயே, இஸ்ரேலிய வயல்களுக்கு இங்கிருந்து தொழிலாளரை அனுப்ப ஒப்பந்தமாயிற்று. அதே காலத்தில் யேமனின் ஹூதிகள் செங்கடலிலே கப்பல்களைத் தாக்கத் தொடங்கினர். கப்பற் கம்பனிகள் பழைய வரைபடத்தை விரித்தன. கொழும்பில் ஏற்றிய தேயிலை, 1967-இல் போன வழியே, மறுபடியும் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயிற்று.