காவற்கலங்களும் மூளை மலேரியாவும்

வன்னியின் பழங்கதையில் குளமும் காடும் எவ்வளவு இடம் பெறுகின்றனவோ, அவ்வளவு இடம் மலேரியாவுக்கும் உண்டு. ஆறுகள் வற்றும் காலத்தில் மணற்படுக்கைக் குழிகளில் தேங்கும் தெளிந்த நீரில் அந்நோயைப் பரப்பும் நுளம்பு பெருகும். குளிரும் நடுக்கமுமாகத் தொடங்கிய காய்ச்சல், சிலரை நினைவிழக்கச் செய்து உயிரையும் கவர்ந்தது. அதுவே மூளை மலேரியா. மூளைக்கு இவ்வூறு எவ்வாறு நேர்கிறது?

ஒட்டுண்ணி புகுந்த செங்குழியங்கள் மூளையின் நுண்ணிய குருதிக்குழாய்களில் ஒட்டிக்கொண்டு ஓட்டத்தைத் தடுக்கின்றன. கேடு முழுவதும் இதனால்தானா? நோயாளியின் மூளையைத் திறந்து பார்த்தல் இயலாதாகையால், ஆய்வாளர் சுண்டெலியை நாடினர். 1948ஆம் ஆண்டில் அன்றைய பெல்ஜியக் கொங்கோவில், காட்டெலிகளைப் பற்றும் 'பெர்கை' என்னும் மலேரியா ஒட்டுண்ணி கண்டறியப்பட்டது. அதன் ஒரு வகையை ஆய்வுகூடச் சுண்டெலிக்குச் செலுத்தினால், ஏறத்தாழ ஒரு வாரத்தில் வலிப்பும் மயக்கமும் கண்டு அது இறக்கும்.

அச்சுண்டெலியின் மூளைக் குழாய்களில் 'சிடி8' என்னும் வெண்குழியங்கள் திரள்கின்றன. இவை உடலின் காவற்கலங்கள். ஒட்டுண்ணியின் சுவடு ஏறிய குழாய்ச்சுவர்க் கலங்களை இவை தாக்குகின்றன. சுவர் கசிகிறது, மூளை வீங்குகிறது. இக்கலங்களை முன்னரே அகற்றிவிட்டால், குருதியில் ஒட்டுண்ணி இருந்தும் சுண்டெலி மூளைநோய்க்குத் தப்புகிறது. கள்வனைத் தேடி வந்த காவலன் வீட்டுச் சுவரையே இடித்த கதை இது.

அப்படியாயின் காவலரை அடக்கும் மருந்தைக் கொடுத்தால் என்ன? 1982ஆம் ஆண்டில் வெளியான தாய்லாந்து ஆய்வொன்றில், அழற்சியைத் தணிக்கும் டெக்சாமெதசோன் மூளை மலேரியா நோயாளருக்குக் கொடுக்கப்பட்டது. அவர்களது மயக்கம் நீண்டதேயன்றிக் குறையவில்லை. சுண்டெலி வழிகாட்டலாம், முடிவு கூற இயலாது. ஆயினும் அது காட்டிய வழி வீணன்று. மலாவி நாட்டில் இந்நோயால் இறந்த குழந்தைகளின் மூளைக் குழாய்களிலும் அதே காவற்கலங்கள் திரண்டிருந்ததை 2020ஆம் ஆண்டில் ஆய்வாளர் எடுத்துரைத்தனர்.

2016ஆம் ஆண்டில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. எனினும் நுளம்பு அழியவில்லை. நோயுள்ள நாடுகளுக்குச் சென்று மீள்வோரும் உளர். அத்தகையோர் காய்ச்சல் கண்டவுடன் வைத்தியரிடம் தம் பயணத்தைக் கூறிக் குருதியைச் சோதித்துக்கொள்ளல் வேண்டும். கள்வனைக் காலத்தே ஒழித்துவிட்டால், காவலன் சுவரை இடிக்க வேண்டிய நிலை வாராது.