திரும்பி வந்த சிறுமிக்குத் திரையில் இடமில்லை

புது தில்லி: மும்பை ஆண்டாப் ஹில்லில், மத்திய அரசு ஊழியர் குடியிருப்பானாலும் சரி, அதையொட்டிய நெருக்கமான சந்துகளானாலும் சரி, இரவு ஏழு மணிக்கு மேல் தமிழ்த் தொடர்களின் குரல் கேட்கும். சுவருக்கு அப்பால் ஹிந்தித் தொடர். தமிழரான கேப்டன் ஆர். தமிழ்ச்செல்வனை 2014, 2019, 2024 என மூன்று முறை சட்டப்பேரவைக்கு அனுப்பிய சயான் கோலிவாடா தொகுதியைச் சேர்ந்த பகுதி இது. ஹிந்தித் தொடர்களில் பெரும்பாலானவை இதே மாநகரின் படப்பிடிப்புத் தளங்களில்தான் உருவாகின்றன.

அத்தளங்களுக்குத் தென் அமெரிக்கா புதிதன்று. கொலம்பியாவில் 1999-இல் ஒளிபரப்பான 'அழகற்ற பெட்டி'யின் கதையே, 2003-இல் சோனி தொலைக்காட்சியில் 'ஜஸ்ஸி ஜைசி கோயி நஹீ' ஆனது. தடித்த கண்ணாடியும் பல் கம்பியும் அணிந்த ஜஸ்ஸி நாடெங்கும் வீட்டுப் பிள்ளையானாள். ஆனால், அதே கொலம்பியாவில் 2016-இல் திரைக்கு வந்த இன்னொரு பெண்ணை மும்பை அழைத்து வரவில்லை, சென்னையும் அழைக்கவில்லை.

அவள் பெயர் பெல்கி. கராகோல் தொலைக்காட்சி 2016 ஏப்ரலில் தொடங்கிய 'லா நீனியா' தொடரின் நாயகி. ஸ்பானிய மொழியில் அதற்குச் 'சிறுமி' என்று பொருள்; பருவமழைச் செய்திகளில் வாசகர்கள் காணும் 'லா நினா'வும் இதே சொல்தான். சிறு வயதில் கெரில்லாக்களின் படையில் வலிந்து சேர்க்கப்பட்டு, துப்பாக்கியோடு வளர்ந்து, பின்னர் விடுபட்டு வருகிறாள். மருத்துவம் படிக்க ஆசைப்படுகிறாள். காட்டுச் சண்டையைவிட அதற்குப் பின் வருவதைத்தான் தொடர் நிதானமாகச் சொல்கிறது. விலகி நிற்கும் வீட்டார், உண்மை தெரிந்தால் அஞ்சி ஒதுங்கக்கூடிய சக மாணவர்கள், பழைய ரகசியங்களுக்காக விடாமல் துரத்தும் ராணுவ அதிகாரி என நீள்கிறது கதை.

அரசுக்கும் 'பார்க்' கெரில்லா அமைப்புக்கும் ஹவானாவில் 2012 முதல் பேச்சுவார்த்தை நடந்து, அது முடிவை நெருங்கிய நேரம் அது. முன்னாள் போராளி பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தால் எப்படி எதிர்கொள்வது என்பது அங்கே தெருக் கேள்வியாக இருந்தது. தொடர் நாட்டின் மனத்தை மாற்றிவிட்டது என்று சொல்வதற்கில்லை. அவ்வாண்டு அக்டோபர் 2-இல் நடந்த பொது வாக்கெடுப்பில் சமாதான ஒப்பந்தம் அரை சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றது. திருத்தப்பட்ட ஒப்பந்தத்தை நவம்பரில் நாடாளுமன்றம் ஏற்றது. 1996 முதல் 2016 வரை 'பார்க்' அமைப்பு 18,677 சிறாரைப் படையில் சேர்த்ததாக, ஒப்பந்தத்தின்கீழ் அமைந்த சிறப்பு நீதிமன்றம் 2021-இல் அறிவித்தது. அந்தக் கணக்கு வருவதற்கு ஐந்தாண்டு முன்பே, அப்பிள்ளைகளில் ஒருத்தியை மக்கள் தங்கள் கூடத்தில் உட்கார வைத்துப் பார்த்திருந்தனர்.

பாக் நீரிணைக்கு அப்பால்: பெல்கியின் கதையை அறிய தமிழர்கள் கொலம்பியா வரை போக வேண்டியதில்லை. இலங்கையில் விடுதலைப் புலிகள் சிறாரைப் படையில் சேர்த்ததாக 2003-க்கும் 2008-க்கும் இடையே யுனிசெப் பதிவு செய்த நிகழ்வுகள் 6,000-க்கும் மேல். புலிகளிடமிருந்து பிரிந்த கருணா அணியும் இதைச் செய்தது. இறுதிப் போரின்போது, பிள்ளை பிடிக்கப்படுவதைத் தவிர்க்க வன்னிப் பெற்றோர் பலர் சிறு வயதிலேயே மகள்களுக்கு மணம் முடித்தனர். பிடித்துச் செல்லப்பட்ட பெண்களுக்குத் தலைமுடி ஒட்ட வெட்டப்பட்டது. தப்பி வந்தால் முகாமில் அதுவே அடையாளமாகி அவர்களைக் காட்டிக் கொடுத்தது.

2009 மே மாதம் போர் முடிந்தபோது இலங்கை அரசு 594 சிறாரைப் புனர்வாழ்வுக்கு எடுத்துக்கொண்டது. அவர்களில் 364 பேர் சிறுவர்கள். 230 பேர் சிறுமியர். ஓராண்டுப் படிப்பும் தொழிற்பயிற்சியும் அளித்து வீட்டுக்கு அனுப்பியது. அந்த 230 பேரில் அன்று பதினாறு வயதாக இருந்தவர் இன்று முப்பதைக் கடந்திருப்பார். முன்னாள் போராளிகள் வீடு திரும்பிய பின்னும் புலனாய்வுத் துறையினரின் விசாரணை தொடர்ந்தது. ஊரார் பேச்சு, வரன் அமையாமை, உடலில் தங்கிய குண்டுச் சிதறல் ஆகியவற்றைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. ஒரு தொடருக்கு வேண்டிய எல்லாமே இதில் உண்டு.

ராஜி எங்கே போனாள்? இந்தியத் திரை இதைத் தொடவே இல்லை என்றும் கூற முடியாது. மும்பையில் வசிக்கும் உளவு அதிகாரியை நாயகனாகக் கொண்ட 'தி பேமிலி மேன்' இரண்டாம் பாகம், 2021 ஜூன் 4-ஆம் தேதி இணையத்தில் வெளியானது. நாயகனின் மனைவி தமிழ்ப் பெண். முன்னாள் போராளி ராஜியாக சமந்தா நடித்தார். முன்னோட்டம் வந்தவுடன் தமிழகத்தில் எதிர்ப்பு மூண்டது. தொடருக்குத் தடை கோரி, மாநிலங்களவை உறுப்பினர் வைகோவும் தமிழக அமைச்சர் மனோ தங்கராஜும் மத்தியத் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்த பிரகாஷ் ஜாவடேகருக்குக் கடிதம் எழுதினர்.

எதிர்ப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஈழப் போராளியைப் பாகிஸ்தான் உளவு அமைப்போடு முடிச்சுப் போட்ட கதை அது. ஆயினும் தொடரின் தொடக்கப் பகுதிகளில் வேறொரு கதை ஒளிந்திருந்ததை எதிர்த்தவர்களும் கவனிக்கவில்லை, எடுத்தவர்களும் கவனிக்கவில்லை. ராஜி அங்கே சென்னையில் ஓர் ஆலைத் தொழிலாளி. பேருந்தில் உரசும் ஆண்களையும், வேலையிடத்தில் தொல்லை தரும் மேலாளரையும் வாய் திறவாமல் பொறுத்துக்கொண்டு நாளை ஓட்டுகிறாள். அங்கேயே கேமராவை நிறுத்தியிருந்தால் அது தமிழின் 'லா நீனியா' ஆகியிருக்கும். ஆனால் ராஜியை மீண்டும் ஆயுதம் ஏந்த வைத்து, இறுதியில் சாகடித்தார்கள். வெடிப்பதும் மடிவதும் மட்டுமே போராளிப் பெண்ணுக்கு விதிக்கப்பட்ட பாத்திரம் போலும்.

விதிவிலக்கு பிரான்சிலிருந்து வந்தது. 2015-இல் கான் விழாவின் உயரிய விருதை வென்ற 'தீபன்' படத்தின் நாயகன் அந்தோணிதாசன் யேசுதாசன், எழுத்துலகில் ஷோபாசக்தி. பதின்ம வயதில் புலிகள் இயக்கத்தில் இருந்தவர் அவர். படத்தில் அவர் பாரிஸின் புறநகரில் குடியிருப்புக் காவலாளியாக வாழ்வை மீண்டும் தொடங்குகிறார். அங்கும் ஆணின் கதையே முன்னிற்கிறது.

அவையில் ஒலித்த பெயர்: நாடாளுமன்றம் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிப் பேசாத இடமன்று. 2009 ஜூலையில், குழந்தைத் திருமணத்தை மையமாகக் கொண்ட 'பாலிகா வது' தொடருக்குத் தடை வேண்டும் என்று மக்களவையில் சரத் யாதவ் குரல் எழுப்பினார். அந்தத் தொடர் நிற்கவில்லை. 2016 வரை 2,000 பகுதிகளைத் தாண்டி ஓடியது. 'மண் வாசனை' என்ற பெயரில் தமிழிலும் வந்தது. சிறுமியாக மணமாகி வந்த ஆனந்தி, பெரியவளாகித் தன் வாழ்வைத் தானே அமைத்துக்கொள்வதைக் கோடிக்கணக்கானோர் கண்டனர்.

அதே ஜூலையில்தான், 6-ஆம் தேதி பட்ஜெட்டில், இலங்கையின் வடக்கு, கிழக்கில் இடம்பெயர்ந்த தமிழர்களின் மறுவாழ்வுக்கு ரூ. 500 கோடியை அறிவித்தார் பிரணாப் முகர்ஜி. பின்னர் 50,000 வீடுகள், டிராக்டர்கள், சைக்கிள்கள் என உதவிகள் தொடர்ந்தன. மட்டக்களப்பில் போர் விதவைகளுக்கு குஜராத்தின் 'சேவா' அமைப்பு வாயிலாகத் தொழிற்பயிற்சியும் அளிக்கப்பட்டது. ஈழத் தமிழர் பிரச்சினையை அவையில் ஓயாமல் எழுப்பிய தமிழகக் கட்சிகள், வீடுகளின் எண்ணிக்கையைக் கேட்ட அளவுக்கு, படையிலிருந்து மீண்ட சிறுமியரைப் பற்றிக் கேட்டதில்லை. பிடித்துச் சென்றவர் யார் என்ற சங்கடமான கேள்வி அதைத் தொட்டு வரும் என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

சிறாரைப் படையில் சேர்க்கும் ஆயுதக் குழுவினருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும், ரூ. 5 லட்சம் அபராதமும் விதிக்கும் சட்டம் இந்தியாவில் உண்டு. 2015 டிசம்பர் 22-இல் மாநிலங்களவை நிறைவேற்றிய சிறார் நீதிச் சட்டத்தின் 83-ஆவது பிரிவு அது. நிர்பயா வழக்கின் இளங்குற்றவாளி விடுதலையாகி இரண்டே நாள் ஆகியிருந்ததால், 16 வயதுக்கு மேற்பட்டோரைத் தண்டிப்பது பற்றியே அன்று விவாதம் அனல் பறந்தது. ஆயுத மோதலால் பாதிக்கப்பட்ட குழந்தையைப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுபவராகவே அதே சட்டம் கருதுகிறது. பதினெட்டு வயதில் காப்பகத்தை விட்டு வெளியேறுவோருக்கு நிதியுதவி அளிக்கவும் அதில் வழி உண்டு. அதற்குப் பின் அந்தப் பெண் எந்தத் தெருவில் குடியேறுகிறாள், யார் வேலை கொடுக்கிறார்கள் என்பதைச் சட்டப் புத்தகம் சொல்வதில்லை. பெல்கியின் கதை தொடங்கியது அந்த இடத்தில்தான்.