காண்டன் கடைவீதியின் ஆங்கிலப் புத்தகம்

ஆங்கிலத்தில் மூன்றை எப்படிச் சொல்வது? ‘டெய்-லெய்’ என்றது அந்தச் சின்னப் புத்தகம். அங்கே அச்சாகியிருந்த இரண்டு சீன எழுத்துகளுக்குப் பொருள் ‘புவியியல்’. பொருளை விட்டுவிட்டு ஓசையை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

1757 முதல் 1842 வரை மேலைநாட்டுக் கப்பல்கள் வணிகம் செய்ய நடைமுறையில் ஒரே சீனத் துறைமுகம் காண்டன், இன்றைய குவாங்சோ. தேயிலையும் பட்டும் கைமாறிய அந்த ஊரில் கடைக்காரர், சமையல்காரர், கூலியாள் எல்லோருக்கும் கொஞ்சமாவது ஆங்கிலம் தேவைப்பட்டது. அவர்களுக்காக வந்தவைதான் இந்த மலிவுப் பதிப்புகள். சில பக்கங்கள், சில நூறு சொற்கள், அவ்வளவே. பக்கம் முழுவதையும் மரப்பலகையில் இடவலம் மாற்றிச் செதுக்கி, மை தடவி, மேலே தாளை வைத்துத் தேய்த்து எடுப்பார்கள். அச்சு இயந்திரமே வேண்டாம். அட்டையில் மும்முனைத் தொப்பியும் கைத்தடியுமாக ஒரு வெள்ளைக்காரர் நிற்பார் என்று காண்டனில் வாழ்ந்த அமெரிக்க வணிகர் வில்லியம் ஹன்டர் எழுதிவைத்திருக்கிறார்.

உள்ளே முதலில் சீனச் சொல். அதை ஒட்டி, ஆங்கில உச்சரிப்பைக் காட்டும் சீன எழுத்துகள். ஆங்கில எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. காண்டனியப் பேச்சில் ‘த்ரீ’யின் முதல் மெய்யும் இல்லை, ரகரமும் இல்லை, இரண்டு மெய்கள் ஒட்டியும் வராது. அதனால்தான் ‘டெய்-லெய்’. சொல்லின் கடைசியில் ‘ஸ்’ வராது என்பதால் ஆறு ‘ஸிக்-ஸி’ என்று நீண்டது. ஏழுக்கு ‘ஸம்’ என்ற ஒரே எழுத்து. அதன் பொருள் இதயம். இன்று என்பதற்கு ‘டோ-டெய்’, அதாவது நிலம். ஆசிரியரோ இலக்கணமோ இல்லாமல், அந்நிய ஓசையைத் தன் மொழியின் அசைகளாகப் பிரித்து அடுக்கிய அந்தப் பெயர் தெரியாத தொகுப்பாளர்களின் காது எனக்குப் பெரும் வியப்பு. மொழியியல் வகுப்பில் இன்று சொல்லித்தரும் வேலையை அவர்கள் பிழைப்புக்காகச் செய்தார்கள்.

புத்தகத்தில் வாக்கிய அமைப்பு பற்றி ஏதும் இல்லை. கற்றவர்கள் சொற்களைச் சீன வரிசையிலேயே கோத்துப் பேசினார்கள். வெள்ளையரும் அப்படியே பதில் பேசப் பழகினர். காண்டனின் ‘பிட்ஜின்’ என்ற கலப்பு ஆங்கிலம் வளர்ந்ததில் இந்தப் பழக்கத்துக்குப் பெரும் பங்குண்டு.

ஆனால் புத்தகத்தின் எழுத்துகளைக் காண்டனிய ஒலியில் வாசித்தால்தான் இந்த ஓசை முறை பலிக்கும். அதே ‘இதய’ எழுத்தை வடக்கே ‘ஷின்’ என்பார்கள். அவர்களுக்கு ஏழு கிடைக்காது. வணிகம் ஷாங்காய்ப் பக்கம் நகர்ந்த பிறகு, நிங்போ வணிகர்கள் தங்கள் வட்டார உச்சரிப்புக்கு ஏற்றபடி 1860-இல் தனியாக ஓர் ஆங்கிலக் கையேடு போட்டுக்கொண்டார்கள்.