வீட்டுக் காற்றையும் பரிசோதித்துப் பாருங்கள்

விதைப்பதற்கு முன் மண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்பதை உழவர் பெருமக்களுக்கு இன்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வயலில் பல இடங்களில் குழி வெட்டி, மண் எடுத்துக் கலந்து, கால் பங்காகக் குறைத்துக் குறைத்து அரைக் கிலோவாக்கி ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். ஆனால் ஒருவர் நாளொன்றுக்கு 10,000 லிட்டருக்கும் மேல் உட்கொள்ளும் காற்றைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. வீட்டிலுள்ள பெண்களும் குழந்தைகளும் முதியோரும் அந்தக் காற்றில் பெரும் பகுதியைச் சுவர்களுக்கு உள்ளேயே சுவாசிக்கின்றனர்.

நான் குடியிருப்பது மாதவரத்தில். கிழக்கே மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, அதற்கப்பால் எண்ணூர் வட்டாரத்து அனல் மின் நிலையங்கள், தெற்கே கொடுங்கையூர்க் குப்பைமேடு, நடுவே இரவு பகலாக ஓடும் கண்டெய்னர் லாரிகள். இங்கே யார் இருமினாலும் மணலியின் மேல்தான் பழி விழும். நானும் அப்படியே எண்ணியிருந்தேன். ஒரு மார்கழியில் என் மகளுக்கு இரவுதோறும் இளைப்பு ஏற்பட்டது. வெளிப்புகை நுழையாதிருக்கச் சன்னல்கள் அனைத்தையும் அடைத்தேன். கொசுவுக்காகக் கட்டிலின் அடியில் சுருள் ஏற்றி வைத்தேன். இளைப்பு குறையவில்லை. உடன் பணிபுரியும் நண்பர் ஒருவர் துகள் அளக்கும் சிறு கருவியைக் கொடுத்தார். சன்னலுக்கு வெளியே அது காட்டிய எண்ணைவிடக் கட்டிலருகே காட்டிய எண் பல மடங்கு அதிகம்! சுருளை அகற்றிக் கொசுவலை கட்டிய பிறகு அந்த எண் இறங்கியது. சில நாட்களில் குழந்தையும் அயர்ந்து உறங்கினாள். படித்தவன் செய்த பிழை என்பதால் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கொசுவத்திச் சுருளைப் பற்றி 2003ஆம் ஆண்டிலேயே ஓர் ஆய்வு வெளியாயிற்று. சீனாவிலும் மலேசியாவிலும் விற்கும் சுருள்களை அதில் எரித்துப் பார்த்தனர். ஒரே ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்கு நுண்துகள் வெளியாகிறது என்று கண்டனர்.

நுண்துகள் என்பது என்ன?

புகையில் கண்ணுக்குத் தெரியும் கரி மூக்கிலும் தொண்டையிலும் படிந்து சளியோடு வெளியேறிவிடும். தீங்கு மிகுந்தது கண்ணுக்குத் தெரியாத பகுதியே. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான் ஆகும். தலைமுடியின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரான். 2.5 மைக்ரானுக்கும் குறைவான துகள் நுரையீரலின் அடிவரை சென்று தங்கிவிடுகிறது. வெளிக்காற்றில் இதன் 24 மணி நேரச் சராசரி, கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது நம் நாட்டு அளவுகோல். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த அளவு 15 மட்டுமே.

விறகடுப்பின் புகை தமிழ்நாட்டிலேயே அளக்கப்பட்டுள்ளது. சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் கள்ளக்குறிச்சி, நாகப்பட்டினம் பகுதிச் சிற்றூர்களில் கருவுற்ற பெண்களின் உடையிலேயே சிறு கருவியைப் பொருத்தி அளந்தனர். குவாதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளையும் சேர்த்து ஏறத்தாழ 3,200 பெண்கள் இவ்வாய்வில் பங்கு பெற்றனர். பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் இலவசமாக வழங்கப்பட்டன. முடிவுகள் 2022இல் வெளிவந்தன. பழைய அடுப்பிலேயே சமைத்தவர்கள் சுவாசித்த நுண்துகள் கன மீட்டருக்குச் சுமார் 71 மைக்ரோகிராம். எரிவாயுவுக்கு மாறியவர்களுக்கு அது 24. எனினும் பிறந்த குழந்தைகளின் எடையில் எதிர்பார்த்த வேறுபாடு காணப்படவில்லை. இதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு பருவத்தில் விளைச்சல் கூடவில்லை என்பதற்காகக் களையை எவரும் விட்டுவைப்பதில்லை. கண் எரிச்சலும் நாட்பட்ட இருமலும் மூச்சடைப்பு நோயும் விறகுப் புகையால் வருவதை வேறு பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

எப்படிக் கண்டறிவது?

துகள் அளக்கும் கருவி இப்பொழுது சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. பத்து வீட்டார் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். கருவியை அலமாரியின் மேல் வைத்துப் பயனில்லை. சமைப்பவரின் மூக்கு எந்த உயரத்தில் இருக்கிறதோ அங்கே வைத்து அளக்க வேண்டும். பின்பு குழந்தை படுக்கும் இடத்திலும், கடைசியாக வாசலுக்கு வெளியிலும் அளக்க வேண்டும். உள்ளே அதிகம் என்றால் காரணம் நம் கையில் இருக்கிறது. வெளியே அதிகம் என்றால் கதவடைக்கும் நேரத்தைத்தான் நாம் மாற்ற முடியும். ஆலைப் புகைக்கு ஆலையும், அதைக் கண்காணிக்கும் அரசுமே பொறுப்பு. மணலி, கொடுங்கையூர், இராயபுரம் ஆகிய இடங்களில் அரசு நிலையங்கள் இடைவிடாமல் அளந்துவருகின்றன. அந்த அளவுகளை யாரும் பார்க்கலாம்.

கருவி இல்லாதவர்கள் ஓர் ஊதுவத்தியைக் கொண்டே பாதி உண்மையை அறியலாம். அடுப்பு எரியாத வேளையில் அதை ஏற்றிச் சமையலறையின் நடுவில் பிடியுங்கள். புகை ஒரு பக்கமாகச் சாய்ந்து வெளியேறினால் காற்றோட்டம் உண்டு. நேரே எழுந்து கூரையடியில் தேங்கினால் அடுப்புப் புகையும் அங்கேதான் தேங்கும். அறைக் காற்று மணிக்கு ஐந்து முறை மாறினால் புகை எட்டு நிமிடத்தில் பாதியாகக் குறையும். அடைத்த அறையில் இரண்டு மணிக்கு ஒரு முறைதான் மாறுகிறது என்றால், அதே அளவு குறைய ஒன்றேகால் மணிக்கு மேலாகும்.

நாற்றத்தை அறிய நம் மூக்கை நம்பக்கூடாது, அது பழகிவிடும். மாட்டுக்கொட்டகை வீட்டை ஒட்டியிருந்தால் கோமியத்திலிருந்து எழும் அம்மோனியா நமக்குத் தெரிவதில்லை. வெளியூரிலிருந்து வரும் சம்பந்தி வாசலில் காலெடுத்து வைத்ததும் முகம் சுளிக்கிறாரா என்று பாருங்கள், தெரிந்துவிடும்! கரியடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கோ நாற்றமே கிடையாது. கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்டும் கரிச்சட்டியை மனிதர் உறங்கும் அறையில் ஒருபோதும் வைக்கக்கூடாது.

என்ன செய்யலாம்?

முடிந்தவர்கள் எரிவாயுவுக்கு மாறுவதே சிறந்தது. ஆனால் உருளை தீர்ந்ததும் விறகுக்குத் திரும்பும் வீடுகள் பல. வெந்நீருக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் மூட்டும் அடுப்பையாவது முற்றத்துக்குக் கொண்டு போங்கள். பச்சை விறகு புகையும். காய்ந்த விறகு எரியும். சவுக்கைப் பிளந்து, தரையில் படாமல் அடுக்கி, இரண்டு மூன்று மாதம் காய விட வேண்டும். இரண்டு கட்டைகளைத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். சமையலறையில் ஒரு சன்னல் போதாது. எதிர்ச்சுவரில் கூரையை ஒட்டி இன்னொரு திறப்பு வேண்டும். 1980களில் அரசு திட்டத்தில் கட்டிய புகையில்லா அடுப்புகள் பல வீடுகளில் நிலைக்காமல் போனதற்குக் காரணம், புகைபோக்கியில் அடைந்த கரியை யாரும் துடைக்காததே.

தூற்றும்போது காற்றின் திசை பார்ப்பது போலச் சன்னல் திறக்கும்போதும் பார்க்க வேண்டும். மாதவரத்தில் பிற்பகல் கடற்காற்று மணலிப் பக்கமிருந்து வரும். ஆடி மாதத்துக் காலை மேல்காற்று அப்புகையைக் கடலுக்குத் தள்ளும். மார்கழி, தை மாத விடியலில் குளிர்ந்த காற்று தரையோடு தங்குவதால் புகை மேலெழாது. 2018 போகியன்று சென்னையில் விமானங்களே இறங்க முடியாமல் போனது இதனால்தான். அந்நாட்களில் வெயில் ஏறிய பின் திறப்பது நலம்.

செடி வைத்தால் காற்று தூய்மையாகும் என்று நாற்றுப் பண்ணைகளில் மணி பிளாண்ட் விற்கிறார்கள். பயிரியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சன்னல் திறப்பதற்கு ஈடாக வேண்டுமானால், சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை வைக்க வேண்டியிருக்கும் என்று 2019இல் வெளியான ஆய்வு கணக்கிட்டுள்ளது. அழகுக்காக வையுங்கள்.

படுக்கையறையில் மருந்து வேண்டாம்

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டினுள் வைத்த எலி மருந்தின் நெடியைச் சுவாசித்து இரண்டு குழந்தைகள் உயிரிழந்தனர். பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். உழவர் வீடுகளில் இதைப் போன்ற ஆபத்து நெல் மூட்டைக்குள் இருக்கிறது. வண்டுக்காக வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயுவை வெளியிடும். 3 கிராம் மாத்திரையிலிருந்து 1 கிராம் வாயு வரும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. பயிற்சி பெற்றவரன்றி மற்றவர் இதைக் கையாளவே கூடாது. வீட்டில் வைக்கும் நெல்லை 12 சதவீத ஈரத்துக்கும், பயறு வகைகளை அதனினும் குறைவாகவும் காயவைத்து, தானியத்தினுள் செருகும் துளையிட்ட குழாய்ப் பொறியால் வண்டைப் பிடித்தாலே மாத்திரையின் தேவை பெரும்பாலும் இராது. பூச்சிமருந்துப் புட்டிகளும் தெளிப்பானும் ஆட்கள் உறங்கும் கூரைக்குக் கீழ் இருத்தல் ஆகாது.

மருந்து வைத்த வீட்டில் பூண்டு நாற்றமோ அழுகிய மீன் நாற்றமோ வீசினாலும், நாற்றமே இல்லாமல் ஒன்றுக்கு மேற்பட்டவருக்கு ஒரே நேரத்தில் வாந்தி, தலைசுற்றல், மூச்சுத்திணறல் கண்டாலும், முதலில் எல்லோரும் வெளியேற வேண்டும். பிறகு 108க்குத் தொலைபேச வேண்டும். மருத்துவமனைக்குச் செல்லும்போது மருந்தின் பெயரை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அட்டைப்பெட்டி வெளியே கிடந்தால் அதையும் கையோடு எடுத்துச் செல்லலாம். அதற்காக எவரும் மீண்டும் உள்ளே நுழையக்கூடாது.